கோடைத் தொடக்கத்தில் கண்ட பறவைகள்: எந்தப் பதிவை எந்த அளவு நம்பலாம்?

நீங்கள் எழுதியிருப்பதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். பங்குனியிலிருந்து சித்திரை வரை உங்கள் ஊர் ஏரிக்கரையிலும் வீட்டைச் சுற்றியும் கண்ட பறவைகளைத் தேதி போட்டுக் குறித்துவைத்து, உள்ளூரில் பறவை பார்க்கும் நண்பர்களிடம் பகிர்ந்திருக்கிறீர்கள். மே 3 அன்று மதகருகே பார்த்த சாம்பல் நிற வாலாட்டியைப் பற்றிச் சொன்னபோது, வலசை வந்தவை எல்லாம் போய்விட்டன, இது தவறான பதிவு என்று மூத்தவர் ஒருவர் மறுத்துவிட்டார். அதன்பின், மார்ச் மாதத்தில் குயில் வந்தது, ஏப்ரல் கடைசியில் மார்பு சிவந்த சிறு உள்ளான்கள் மூன்று, விடியற்காலையில் ஆறுமணிக்குருவியின் குரல், வற்றும் ஏரியில் 140 மஞ்சள்மூக்கு நாரைகள், கரையோரம் ஆள்காட்டியின் கூடு என்று நீங்கள் எழுதிய மற்றவற்றின் மீதும் உங்களுக்கே ஐயம் வந்துவிட்டது. இத்தகைய பதிவுகளால் பயன் உண்டா, எவற்றைப் பகிரலாம் என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது: ஒருவர் கண்டதாகச் சொல்வதை இன்னொருவர் எதை வைத்து ஏற்க வேண்டும், எதை வைத்து மறுக்க வேண்டும்? அதையும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் விலங்கியல் படித்தவன். 26 ஆண்டுகளாக ஒரே ஏரிக்கரையை, வெளியூர் போகாத வாரங்களில் இரண்டு முறையாவது சுற்றி வருகிறேன். அந்தப் பழக்கம் தந்த அறிவு சமவெளி ஏரிகளுக்கும் ஊர்ப்புறங்களுக்கும் பொருந்தும். மலைக்காட்டுப் பறவைகளைப் பற்றி நான் அதே உறுதியுடன் பேச மாட்டேன். நான் பார்க்காத பறவைக்கு இங்கிருந்தபடி பெயர் வைக்கவும் எனக்கு உரிமை இல்லை. ஆகவே உங்கள் பதிவுகளில் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றையும், சாத்தியம் என்ற அளவில் நிற்க வேண்டியவற்றையும் பிரித்துக் காட்டுகிறேன்.

சர்ச்சைக்குள்ளான வாலாட்டியிலிருந்தே தொடங்குகிறேன். குளிர்காலத்தில் நம் சமவெளிக்கு வரும் வெள்ளை வாலாட்டி, மே மாதத் தொடக்கத்துக்குள் வடக்கே திரும்பியிருக்க வேண்டும் என்பது உண்மைதான். கரும்சாம்பல் வாலாட்டியும் அப்படியே. அந்த மட்டில் மூத்தவர் சொன்னது சரி. ஆனால் வெண்புருவ வாலாட்டி என்ற ஒன்று இருக்கிறது. அது எங்கும் போவதில்லை. ஆண்டு முழுவதும் இங்கேயே நீர்நிலைகளை ஒட்டி, பெரும்பாலும் இணையாக வாழ்கிறது. கோடையில்தான் கல் இடுக்கிலும் சுவர்ப் பொந்திலும் கூடு வைத்துக் குஞ்சு பொரிக்கிறது. வளர்ந்த பறவைக்கு முதுகும் தலையும் மார்பும் நல்ல கறுப்பு, கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம். இளம் பறவைக்கோ அந்தக் கறுப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் பழுப்பேறிய சாம்பல். கூட்டை விட்டு வந்து சில நாட்களே ஆன அந்தச் சாம்பல் பறவையைத் தனியாகப் பார்க்கும் எவரும் வெள்ளை வாலாட்டி என்றே முதலில் எண்ணுவார்கள்.

நானும் அப்படி எண்ணியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதக் காலையில், ஏரியின் மிகுநீர் வழியும் கலிங்கின் கருங்கல் சரிவில் சாம்பல் நிற வாலாட்டி ஒன்று நின்றிருந்தது. பிந்தித் தங்கிய வலசைப் பறவை என்று நாட்குறிப்பில் எழுதி, பெருமையுடன் இருவரிடம் சொல்லியும் விட்டேன். நான்கு நாள் கழித்து அதே கல்லில் அதே பறவை. இம்முறை உட்கார்ந்து பார்த்தேன். சற்று நேரத்தில் நல்ல கறுப்பான வாலாட்டி ஒன்று தாழப் பறந்து வந்து இறங்கியது. அதன் அலகில் தட்டான் போன்ற ஏதோ பூச்சி இருந்தது. சாம்பல் பறவை உடனே உடலைக் குறுக்கி, இறக்கைகளை நடுக்கி, வாயைப் பிளந்தது. வாயின் ஓரத்தில் இளம் பறவைகளுக்கே உரிய மஞ்சள் விளிம்பு தெளிவாகத் தெரிந்தது. பூச்சி கைமாறிற்று. நான் வலசைப் பறவை என்று எழுதியது அந்தக் கலிங்கிலேயே பொரித்த குஞ்சு. நான்கு நாளுக்கு முன் பத்து நிமிடம் கூடுதலாக நின்றிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

உங்கள் பறவையும் அப்படிப்பட்ட இளம் வெண்புருவ வாலாட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து. காலமும் இடமும் நிறமும் ஒத்துப்போகின்றன. எனினும் இது கருத்துதான், தீர்ப்பு அல்ல. பிந்தித் தங்கிய வெள்ளை வாலாட்டி ஒன்று மே மாதத்தில் இருக்கவே முடியாது என்று எவரும் சொல்ல இயலாது. காயம்பட்டோ நோயுற்றோ நின்றுவிடும் பறவைகள் உண்டு. நண்பர் உங்கள் பதிவைத் தவறு என்று தள்ளாமல், நெற்றி என்ன நிறம் என்று கேட்டிருக்க வேண்டும். வெள்ளை வாலாட்டிக்கு நெற்றியும் முகமும் வெளுப்பு. வெண்புருவ வாலாட்டிக்குத் தலையின் கருநிறம் அலகின் அடிவரை இறங்கி வரும், புருவம் மட்டுமே வெள்ளை. இளம் பறவையிலும் இந்த அமைப்பை மங்கலாகக் காணலாம்.

குயிலைப் பற்றிய பதிவில் ஒரு சொல்லை மாற்றினால் போதும். மார்ச் மாதத்தில் குயில் வரவில்லை, கூவத் தொடங்கியது. நம் ஊர்க் குயில் ஆண்டு முழுவதும் நம் மரங்களிலேயே இருக்கிறது. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பெரும்பாலும் வாய்மூடி, இலைச் செறிவுக்குள் பழம் தின்றுகொண்டு கண்ணில் படாமல் இருந்துவிடுகிறது. காகம் கூடு கட்டும் பருவம் நெருங்கும்போது ஆண் குயில் குரலெடுக்கிறது. இதே மயக்கத்தை அக்காக்குயிலும் செம்மார்புக் குக்குறுவானும் தருகின்றன. குக்குறுவான் கோடையில் நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் கொட்டுவதைக் கேட்டுவிட்டு, குளிர்காலத்தில் அது எங்கே போயிருந்தது என்று பலர் கேட்பார்கள். அது அந்த மொட்டைக் கிளையிலேயேதான் இருந்தது. (அதைக் கூவும்போது பார்க்க வாய்த்தால் தொண்டையைக் கவனியுங்கள்: அலகு மூடியே இருக்கும், ஒவ்வொரு ஒலிக்கும் தொண்டைத் தோல் மட்டும் உப்பி அடங்கும்.)

இது சொல்லைப் பற்றிய சிறு திருத்தமாகத் தோன்றலாம். என் பார்வையில் கோடைப் பதிவுகளின் அடிப்படையே இதில்தான் இருக்கிறது. ஒரு பறவை இருப்பதும், அது நமக்குத் தெரியவருவதும் வெவ்வேறு. கோடையில் சில பறவைகள் பாடுவதால் கூடுதலாகத் தெரிகின்றன. சில இறகு மாறுவதால் புதியவைபோல் தெரிகின்றன. சில கூடு காப்பதால் ஒளிந்துகொள்கின்றன. சில உண்மையிலேயே கிளம்பிப் போய்விடுகின்றன. ஆகவே வந்தது, போனது என்ற சொற்களை எழுதுமுன், நான் உண்மையில் அறிந்தது என்ன என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது. பெரும்பாலும் நாம் அறிந்தது, இன்று கேட்டேன் அல்லது இன்று காணவில்லை என்பதுதான். அதை அப்படியே எழுதினால் அது பிழையாக வாய்ப்பே இல்லை.

இறகு மாற்றத்தால் ஏமாற்றுவதில் மடையான் என்னும் குளத்துக்கொக்குக்கு இணை கிடையாது. ஆண்டின் பாதி நாள் மண்ணோடு மண்ணாகப் பழுப்புக் கோடுகளுடன் வரப்பில் கூனிக்கொண்டு நிற்கும் குளத்துக்கொக்கு, இனப்பெருக்கப் பருவத்தில் முதுகில் ஆழ்ந்த அரக்கு நிறமும், கழுத்தில் மஞ்சளும், பிடரியில் நீண்ட வெள்ளை இறகுகளும் கொள்கிறது. புதிய கொக்கு ஒன்று வந்திருக்கிறது என்று ஒவ்வொரு கோடையிலும் யாராவது எனக்குப் படம் அனுப்புகிறார்கள். அவர்களைத் திருத்துவதோடு நிறுத்தாமல், அந்த நிறம் வந்த தேதியைக் குறித்துவைக்கச் சொல்வது என் வழக்கம். இனப்பெருக்க நிறம் எப்போது ஏறுகிறது என்பதும் பயனுள்ள செய்தியே.

அடுத்து, மார்பு சிவந்த உள்ளான்கள். இந்தப் பதிவை நான் விரும்பிப் படித்தேன். ஆனால் பெயரை நீங்கள் எழுதாமல் விட்டதே சரி. குளிர்காலம் முழுவதும் சாம்பலும் வெள்ளையுமாக, ஒன்றுக்கொன்று வேறுபாடு தெரியாமல் சேற்றில் ஓடித் திரியும் கரைப்பறவைகள், ஏப்ரலில் புறப்படுமுன் நம் கண்ணெதிரே நிறம் மாறுகின்றன. வளைமூக்கு உள்ளானுக்கு முகத்திலிருந்து வயிறு வரை செங்கல் சிவப்பு ஏறும். அதன் அலகு நீண்டு, நுனியில் கீழ்நோக்கி வளைந்திருக்கும். கொசு உள்ளான் அதைவிட மிகச் சிறியது. அலகு குட்டையாகவும் நேராகவும் இருக்கும், செம்மை முகத்திலும் மேல்மார்பின் ஓரங்களிலும் நின்றுவிடும், வயிறு வெண்மையாகவே இருக்கும். மணல் உப்புக்கொத்தி வகைகளுக்கோ மார்பில் செம்பட்டையும் கண்ணருகே கருந்திட்டும் வரும். அவற்றின் அலகு தடித்துக் குட்டையாக இருக்கும், அவை ஓடி, நின்று, மீண்டும் ஓடும். உங்கள் ஏரி கடற்கரையிலிருந்து தொலைவு என்று சொல்கிறீர்கள். பறவைகள் சிட்டுக்குருவி அளவு என்றும் எழுதியிருக்கிறீர்கள். இவ்விரண்டையும் வைத்துக் கொசு உள்ளான் என்று நான் ஊகிக்கிறேன். அலகின் வடிவத்தைக் குறித்திருந்தால் ஊகம் தேவைப்பட்டிருக்காது.

இந்த நிறமாற்றத்தைக் குறித்துவைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் கூடு வைப்பது வடதுருவத்தை ஒட்டிய தூந்திரவெளியில். அங்கே பனி உருகிக் கோடை நிலைப்பது சில வாரங்களே. அதற்குள் போய்ச் சேர்ந்து, முட்டையிட்டு, குஞ்சு வளர்த்தாக வேண்டும். ஏப்ரல் இறுதியில் சிவந்து நிற்கும் பறவை இன்னும் சில நாட்களில் கிளம்பியே தீரும். ஆனால் ஜூன் மாதத்தில் கோடிக்கரை போன்ற கடலோரங்களுக்குப் போனால், அங்கும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஓரளவு இருப்பதைக் காணலாம். அவற்றில் பல, முந்தைய ஆண்டு பிறந்து, முதல் கோடையில் வடக்கே திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டவை. பெரும்பாலும் அவை நிறம் மாறாமல் சாம்பலாகவே இருக்கும். ஆகவே மே, ஜூன் மாதங்களில் கரைப்பறவையைக் கண்டால் இனப்பெயருடன் நிறத்தையும் எழுதுங்கள். கிளம்பப் போகும் பறவையா, தங்கிவிட்ட பறவையா என்பதைப் பின்னால் படிப்பவர் அதைக்கொண்டே அறிய முடியும். வலசைப் பறவை கோடையில் இராது என்ற பொது விதி கரைப்பறவைகளிடம் செல்லாது என்பதையும் உங்கள் நண்பரிடம் நீங்கள் பணிவாகச் சொல்லலாம்.

ஆறுமணிக்குருவியின் குரலை நான் ஐயுறவில்லை. அது இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடு வைத்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. திரும்பும் வழியில் ஏப்ரலில் தோட்டங்களிலும் புதர் அடர்ந்த கொல்லைகளிலும் ஓரிரு நாள் தங்குவது வழக்கம். விடியலிலும் அந்தியிலும் தவறாமல் குரல் கொடுப்பதால்தான் அந்தப் பெயரே வந்தது. நீங்கள் எழுதியபடி, காலை ஆறு மணிக்குச் சற்று முன்பாக, இரட்டைச் சீழ்க்கையாக, மூன்று நாள் தொடர்ந்து ஒரே புதரிலிருந்து கேட்டிருந்தால் அது நல்ல பதிவு. பார்த்தேன் என்று எழுதாமல் கேட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே வைத்திருங்கள். கைப்பேசியில் பத்து வினாடி பதிவு செய்திருந்தால் இன்னும் நல்லது. ஒலி தெளிவற்றதாக இருந்தாலும் அழித்துவிட வேண்டாம். பழகிய காது அதிலிருந்தும் அறிந்துகொள்ளும்.

வலசை போவதைக் குறித்து உங்களிடம் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்று இருக்கிறது. ஒரு பறவையின் முதல் வருகையை எல்லோரும் குறித்துவைக்கிறார்கள். கடைசி நாளைப் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். புரட்டாசியில் வேலிப்புதருக்குள் பிளித் நாணல் கதிர்க்குருவி முதன்முதலாகச் செக், செக் என்று தட்டும்போது காது விழித்துக்கொள்கிறது. ஆறேழு மாதம் அந்த ஒலி பின்னணியாகிவிடுகிறது. ஏப்ரலில் ஒரு காலை அது நின்றுபோகிறது. நின்றதை நாம் உணரவே ஒரு வாரம் ஆகிவிடுகிறது. இன்று கண்டதுதான் இந்த ஆண்டின் கடைசி என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அதற்குப் பிந்தைய வெறும் நாட்களே அதைக் கடைசியாக்குகின்றன. எனவே மார்ச் பாதியிலிருந்து, தினமும் கண்டாலும் தகைவிலானையும் கதிர்க்குருவியையும் பழுப்புக் கீச்சானையும் ரோசா மைனாவையும் சலிக்காமல் எழுதுங்கள். காணாத நாளில், எவ்வளவு நேரம் பார்த்தும் காணவில்லை என்று எழுதுங்கள். ஏப்ரல் 18 அன்று கம்பியில் 60 தகைவிலான்கள், 21 அன்று 4, அதன்பின் 10 நாள் தினமும் அரை மணி நேரம் பார்த்தும் ஒன்றுமில்லை என்று ஒருவர் எழுதினால், அதைப்போல் மதிப்புள்ள பதிவு வேறில்லை.

இது என் தனிப்பட்ட ஆசை மட்டுமன்று. 2007-ஆம் ஆண்டு இந்தியாவில் மைக்ரன்ட்வாட்ச் என்ற திட்டம் தொடங்கியபோது, நாடு முழுவதும் உள்ள ஆர்வலர்களிடம் கேட்கப்பட்டது இதுதான்: குளிர்கால வலசைப் பறவைகள் உங்கள் ஊருக்கு எப்போது வருகின்றன, எப்போது போகின்றன. விலை உயர்ந்த கருவியோ பட்டமோ கேட்கப்படவில்லை. ஓர் இடத்தைத் தொடர்ந்து பார்க்கும் ஒருவரால்தான் அந்த இரண்டு தேதிகளைத் தர முடியும். அரிய பறவையைத் தேடி ஊர் ஊராகச் செல்பவரால் அது முடியாது.

சுடலைக்குயிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் பட்டியலில் அதன் பெயருக்கு எதிரே மழையை அழைத்து வந்தது என்று எழுதியிருப்பதால் ஒரு வரி. வட இந்தியாவுக்குப் பருவமழையை ஒட்டி ஆப்பிரிக்காவிலிருந்து வரும் சுடலைக்குயில்கள் வேறு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்டு முழுவதும் வாழும் சற்றுச் சிறிய கிளையினம் வேறு. நம் ஊர்ப் பறவை தவிட்டுக்குருவியின் கூட்டைத் தேடிக் குரல் கொடுக்கிறது; அதை மழையின் தூதனாகப் பதிவு செய்வதற்கு ஆதாரம் இல்லை.

மஞ்சள்மூக்கு நாரைகள் 140 என்ற எண்ணிக்கையில் எனக்கு ஐயமில்லை. அவை பெரிய பறவைகள், திறந்த வெளியில் நிற்பவை, நீங்களும் இருமுறை எண்ணியிருக்கிறீர்கள். ஆனால் அதிலிருந்து, இந்த ஆண்டு நாரைகள் பெருகிவிட்டன என்று நீங்கள் வந்த முடிவை நான் ஏற்க மாட்டேன். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரிகள் பங்குனி, சித்திரையில் ஒவ்வொன்றாக வற்றுகின்றன. நீர் சுருங்கச் சுருங்க மீன்கள் எஞ்சிய குட்டையில் நெருக்கமாகச் சேர்கின்றன. அந்தக் குட்டையை நோக்கிச் சுற்றுவட்டார நாரைகளும், கூழைக்கடாக்களும், அரிவாள் மூக்கன்களும், கொக்குகளும் குவிகின்றன. அக்கம்பக்கத்து ஆறு ஏரிகளில் சிதறியிருந்தவை ஒரே இடத்தில் நிற்பதைத்தான் நீங்கள் கண்டிருக்கக்கூடும். வேடந்தாங்கல் போன்ற இடங்களில் கூடு முடித்த பறவைகளும் குஞ்சுகளும் ஏரி வற்றும்போது கலைந்து வெளியேறுகின்றன. கூந்தன்குளம் பகுதியிலோ கோடை முற்றிய பின்னும் கூடுகள் நீடிப்பதுண்டு. ஆகவே எண்ணிக்கையுடன் மூன்று செய்திகளைச் சேருங்கள்: ஏரியில் நீர் எவ்வளவு எஞ்சியிருக்கிறது, பக்கத்து ஏரிகளில் நீர் உண்டா, நிற்பவற்றில் இளம் பறவைகள் எத்தனை. இளம் நாரைக்கு உடல் மங்கிய பழுப்பாக இருக்கும். வளர்ந்ததன் வெண்மையும், இறக்கை ஓரத்து இளஞ்சிவப்பும், தலையின் செம்மஞ்சள் தோலும் அதற்கு இன்னும் வந்திரா. உங்கள் 140-இல் 35 இளம் பறவைகள் என்று தெரிந்தால், எங்கோ அருகில் இந்த ஆண்டு கூடுகள் நன்றாக நடந்திருக்கின்றன என்று சொல்ல ஒரு பிடி கிடைக்கும். முடியுமானால் உங்கள் நண்பர்கள் ஆளுக்கோர் ஏரியாகப் பிரித்துக்கொண்டு, ஒரே நாள் ஒரே நேரத்தில் எண்ணிப் பாருங்கள். ஒரே நாரையை இருவர் எண்ணும் பிழை பெரும்பாலும் அதனால் நீங்கிவிடும்.

இனப்பெருக்கத்தைப் பதிவு செய்ய, கூட்டைத் தேடிப் போக வேண்டிய தேவையே இல்லை என்பதைப் புதிதாக வருபவர்கள் அறிந்திருப்பதில்லை. அலகில் நாரோ குச்சியோ கொண்டுசெல்லும் பறவை, இரையைத் தின்னாமல் சுமந்துகொண்டு ஒரே திசையில் மீண்டும் மீண்டும் பறக்கும் பறவை, குஞ்சின் எச்சத்தை வெள்ளை உருண்டையாக எடுத்து வந்து வெளியே போடும் பறவை, காகத்தின் பின்னால் கத்திக்கொண்டு திரியும் குயில் குஞ்சு, இவை ஒவ்வொன்றும் உறுதியான சான்று. இந்தக் கோடையில் மொட்டைப் பனைகள் நிற்கும் இடத்தில் ஒரு காலை செலவிடுங்கள். பனங்காடை உயரே எழும்பி, கரகரத்துக் கத்தியபடி பக்கத்துக்குப் பக்கம் புரண்டு, இறக்கையின் இரு நீலங்களும் பளிச்சிட விழுவதைக் கண்டால் தேதி, நேரம், எத்தனை பறவை, அருகில் பொந்துள்ள பனை உண்டா என்று எழுதுங்கள். சாதாரணப் பறவை என்று விட்டுவிட வேண்டாம். 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, பரவலாகக் காணப்படும் இந்தப் பனங்காடை குறைந்துவருவதையே கவலையுடன் சுட்டிக்காட்டியது. 942 இனங்களை மதிப்பிட்ட அந்த அறிக்கை, ஏறத்தாழ 30,000 பறவை ஆர்வலர்கள் தந்த 3 கோடிப் பதிவுகளின் மேல் எழுந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் உங்களைப் போல் ஊர் ஏரியைச் சுற்றி வருபவர்கள்.

ஆள்காட்டியின் கூட்டைப் பற்றி நான் சற்றுக் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. உங்கள் படத்தில் நான்கு முட்டைகளும் கூர்முனை உள்ளே சேர அழகாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றிய சிறு கற்களும் தெரிகின்றன. பின்னால், இடத்தைக் காட்டிக்கொடுக்கும் மைல்கல்லும் தெரிகிறது. தயவுசெய்து அந்தப் படத்தை நீக்கிவிடுங்கள். ஆள்காட்டிக்குக் கூரையுள்ள கூடு கிடையாது. வெறும் தரையில் சிறு குழிதான். மே மாத நண்பகலில் பெற்றோர் முட்டை மேல் நிற்பது சூடேற்றுவதற்காக அல்ல, நிழல் தருவதற்காக. அருகில் நீர் இருந்தால் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளை ஈரமாக்கும்; அதை நான் பலமுறை கண்டிருக்கிறேன், ஈரம் பட்ட மண் சற்று நேரம் கறுத்திருக்கும். நாம் படம் எடுக்க நிற்கும் நேரமெல்லாம் அந்த இரு பறவைகளும் தலைக்கு மேல் கத்திக்கொண்டு, முட்டைகள் வெயிலில் கிடக்கின்றன. நாம் எங்கே குனிகிறோம் என்று மின்கம்பத்திலிருக்கும் காகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. குஞ்சு வெளிவர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். அதுவரை இடத்தை உங்கள் ஏட்டில் மட்டும் வையுங்கள். பகிர்வதானால், குஞ்சுகள் கிளம்பிய பிறகு, வட்டத்தின் பெயரளவில் பகிருங்கள். அதுபோலவே, ஆறுமணிக்குருவியை வெளியே வரவழைக்கக் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கச் செய்ய வேண்டாம். நெடும் பயணத்துக்கு நடுவில் தீனி தேடும் பறவையின் நேரமும் வலிமையும் அதனால் வீணாகும்.

பதிவை எங்கே எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் தாள் ஏட்டில், பறவையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதும்போது, புத்தகத்தில் பார்த்த அடையாளங்கள் நம் பறவையின் மேல் தாமாக ஏறிக்கொள்கின்றன. பிறகு ஈபேர்ட் தளத்தில் ஏற்றலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய அந்தத் தளத்தில், தொடங்கிய நேரம், பார்த்த கால அளவு, நடந்த தொலைவு ஆகியவற்றுடன், நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும், காகம், மைனா உட்பட, எண்ணிக்கையுடன் தர வேண்டும். குறைந்தது 15 நிமிடம் ஒதுக்குங்கள். முழுப் பட்டியலாக இருந்தால்தான், அதில் இல்லாத பறவைக்கும் பொருள் வரும். அரியதை மட்டும் தந்தால் மற்றவை இருந்தனவா இல்லையா என்றே தெரியாமல் போகும்.

அங்கும் உங்கள் மே மாத வாலாட்டியைப் போன்ற பதிவை இட்டால் கேள்வி வரும். அந்த வட்டாரத்தில் அந்தத் தேதிக்கு வழக்கமில்லாத இனமோ எண்ணிக்கையோ வந்தால், அமைப்பே அதைத் தனியாகக் குறித்து, பறவை அறிந்த தன்னார்வலர் ஒருவரின் பார்வைக்கு அனுப்பும். அவர் விவரமோ படமோ கேட்டு எழுதுவார். அதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் வேண்டுகோள். நான் எழுதியவை சிலவும் அப்படித் திரும்பி வந்திருக்கின்றன. அவற்றில் இரண்டில் நான் தவறியிருந்தேன். இனம் உறுதிப்படவில்லை என்றால் வாலாட்டி இனம் என்ற அளவில் நிறுத்திக்கொள்ள அங்கே வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துவது தோல்வியன்று, நேர்மை. தமிழ்ப் பெயர்களில் மட்டும் ஒரு கவனம் வேண்டும்: உங்கள் மஞ்சள்மூக்கு நாரையை வேறொரு நூல் சங்குவளை நாரை என்கிறது, கீச்சான், உள்ளான், கதிர்க்குருவி போன்றவை ஊருக்கு ஊர் வேறு பறவையைச் சுட்டும். எனவே நண்பர்களிடம் பகிரும்போது பெயருடன் ஒரு வரி அடையாளமும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் வாலாட்டி. இந்த வாரத்துக்குள், காலை எட்டு மணிக்கு முன், அந்த மதகருகே மீண்டும் போய் இருபது முப்பது அடி தள்ளி உட்காருங்கள். வெண்புருவ வாலாட்டிக் குடும்பம் பெரும்பாலும் இடம் மாறாது. சாம்பல் பறவையைக் கண்டால் நெற்றியில் வெள்ளை இருக்கிறதா, அல்லது கருஞ்சாம்பல் அலகு வரை இறங்குகிறதா என்று பாருங்கள். வாயோரம் மஞ்சள் தெரிகிறதா என்றும் பாருங்கள். உடனே எழுந்துவிடாமல் அரை மணி நேரம் இருங்கள். கறுத்த பறவை இரையுடன் வந்தால், மூத்தவரிடம் சொல்ல உங்களிடம் வலசைப் பதிவு இராது. உங்கள் ஏரியில் இந்த ஆண்டு வெண்புருவ வாலாட்டி குஞ்சு பொரித்தது என்ற பதிவு இருக்கும். வராவிட்டால், நெற்றியின் நிறத்துடன் எனக்கு எழுதுங்கள்.